மலைக் குதிரைக்கு ஒரு பதிவேடு

குன்னூர்

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதமும், அதனுடன் இணைத்திருந்த விதிகளின் வரைவும் கிடைத்தன. இங்கே அனைவரும் நலம்.

கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளையும், வெள்ளகவி போன்ற ஊர்களுக்குச் சுமை ஏற்றிச் செல்லும் மட்டக் குதிரைகளையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவர நீங்கள் முனைந்திருப்பது நல்ல செய்தி. ஊட்டித் தெருக்களில் உரிமையாளர் யாரென்றே தெரியாமல் அலையும் குதிரைகளைப் பார்க்கும்போதெல்லாம், இப்படியொன்று இங்கும் இருக்கக் கூடாதா என்று தோன்றும். ஆனால், தாயும் தந்தையும் பதிவாகியிருந்தால்தான் குட்டியைப் பதியலாம் என்று முதல் நாளிலேயே கதவைச் சாத்தும் உங்கள் மூன்றாம் விதியை நான் ஏற்கவில்லை.

மார்வாரி, கத்தியவாரி, மணிப்புரி, ஸ்பிட்டி, ஜன்ஸ்காரி போன்றவை கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பின் ஏற்பைப் பெற்ற இனங்கள். உங்கள் மலைக் குதிரைகள் அப்படியல்ல; அந்தியூர்ச் சந்தை வழியாகவும் பிற வழிகளிலும் பல இரத்தம் கலந்து வந்தவை. இன்னும் உருவாகாத இனத்துக்கு வேலி போட்டால், உள்ளே எது நின்றதோ அதுதான் இனம் என்றாகிவிடும்.

பரம்பரையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் பந்தயக் குதிரைகளின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1913-இல் இங்கிலாந்தில், ஒரு குதிரையின் மூதாதையர் அனைவரும் முந்தைய பதிவேடுகளில் இடம்பெற்றிருந்தாலொழிய அதைச் சேர்ப்பதில்லை என்று விதி செய்தார்கள். அமெரிக்கக் குதிரைகளைத் தடுப்பதே நோக்கம். 1948-இல் பரோடா மகாராஜாவின் 'மை பாபு' இரண்டாயிரம் கினி பந்தயத்தையும், 'பிளாக் டார்க்வின்' செயின்ட் லெஜரையும் வென்றபோது, அந்த விதிப்படி இரண்டுமே தூய இனமல்ல! மறு ஆண்டே விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

இதைவிடக் கவலைக்குரியது, கண்ணுக்கு அழகானதைத் தரம் என்று கொள்வது. 1969-இல் பிறந்த 'இம்ப்ரெசிவ்' என்னும் அமெரிக்கக் குவார்ட்டர் இனப் பொலிகுதிரை, உடற்கட்டை மட்டும் வைத்து மதிப்பிடும் காட்சிகளில் புகழ்பெற்றது. அதன் திரண்ட தசையை விரும்பி, அதனிடமும் அதன் மகன்களிடமும் பெட்டைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த வழியில் ஒரு மரபணுக் குறையும் பரவியது: இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, தசை துடித்து, சில வேளைகளில் குதிரை விழுந்து இறந்தும்விடும். பெற்றோரில் ஒன்றிடமிருந்து வந்தாலே தாக்கும் குறை அது. பரிசளித்த நடுவர்கள் தம்மை அறியாமலே அந்நோயையும் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். இரு பெற்றோரிடமிருந்தும் அக்குறையைப் பெற்ற குட்டிகளுக்குப் பதிவு இல்லை என்ற விதி, 2007 முதல் பிறந்தவற்றுக்குத்தான் வந்தது. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் அதைப் பெற்றவை இன்றும் பதிவாகின்றன. அது எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் வரைவில் நிறமும் சுழியும் இரண்டு பக்கம் பிடித்திருக்க, குளம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சுழி பார்த்து வாங்குவது நம் ஊர் வழக்கம். வாங்குபவர் பார்த்துக்கொள்ளட்டும், பதிவேட்டுக்கு அது வேண்டாம். மலைப் பாதையில் சுமையுடன் ஏறி இறங்கிய பின் மூச்சும் நாடித்துடிப்பும் எவ்வளவு விரைவில் தணிகின்றன, லாடமின்றிக் குளம்பு எப்படித் தாங்குகிறது, முதுகில் புண் விழுகிறதா, குழந்தை ஏறினால் நிதானமாக நிற்கிறதா என்பவற்றை எழுதுங்கள். இந்தச் சோதனையில் தேறாத ஆண்குதிரைக்கு, அதன் தந்தை எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும், காயடித்துவிடுவதே முறை. உரிமையாளர்கள் முணுமுணுப்பார்கள், முதல் ஆண்டில் விட்டுக்கொடுத்தால் பிறகு பிடிக்க முடியாது.

தேறியதையும் அளவோடு பயன்படுத்த வேண்டும். ஏரிக்கரையில் எல்லோரும் ஒரே பொலிகுதிரையைத் தேடி ஓடினால், சில தலைமுறைகளிலேயே உறவுக்குள் உறவாகிவிடும். ஆகவே ஓர் ஆண்டில் ஒரு பொலிகுதிரைக்கு இத்தனை பெட்டைகள்தான் என்று உச்சவரம்பு வையுங்கள். வெளியிலிருந்து வரும் நல்ல பெட்டையைச் சோதித்துச் சேர்த்துக்கொள்ள ஒரு துணைப் பதிவேடும் இருக்கட்டும். அதன் வழியில் வரும் குட்டிகள் சில தலைமுறை தேறிய பிறகு முதன்மைப் பதிவேட்டுக்கு ஏறலாம்.

அடையாளத்துக்குக் கழுத்தில் மைக்ரோசிப் போதும். வேரோடு பிடுங்கிய பிடரி மயிர் சிலவற்றை உறையிலிட்டுக் குதிரையின் எண்ணுடன் வைத்துக்கொண்டால், பின்னாளில் தந்தை யார் என்ற வழக்கு வரும்போது மரபணுச் சோதனைக்கு உதவும். வழக்கு கட்டாயம் வரும்.

மூன்றாம் விதியை மாற்றி எழுதி அனுப்பு. குளம்புச் சோதனைக்கான படிவத்தை நான் தயாரித்து அடுத்த கடிதத்துடன் வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்