மகளுக்கு அனுப்பும் டைரி

விருதுநகர்,
20-12-2025.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலத்தை அறிய ஆவலாக இருக்கிறோம்.

வரும் ஆண்டுக்கு உனக்கு ஒரு டைரி வாங்க வேண்டும் என்று நேற்று சிவகாசிக்குப் போய் வந்தேன். ஆடிப் பெருக்கன்று காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டதில் தொடங்கிய வேலை இப்போது கடைசி நெருக்கடியில் இருக்கிறது. ஆனாலும் பழைய அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் இருப்பவர்கள் எனக்கு நாற்காலி போட்டு, தேநீர் வாங்கிக் கொடுத்து, உன்னைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார்கள். புனேயில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள் என்று சொன்னேன். ஏழாம் வகுப்பில் ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் வைத்துக் கட்டம் போட்டு நீ எழுதிய பாட அட்டவணையை அவர்களில் ஒருவர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார். பத்தாம் வகுப்பில் பீரோவில் நீ ஒட்டிய அட்டவணையின் பசைத் தடம்கூட இன்னும் போகவில்லை; துடைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட உனக்கு நாள் தவறுகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஸ்கூட்டர் இன்சூரன்ஸ் முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் உனக்குத் தெரிந்திருக்கிறது. அப்பத்தாவின் திதியன்று நீ அழைக்கவில்லை. இம்மாதம் 3ஆம் தேதி கார்த்திகை தீபம்; அன்றும் இரவு பத்து மணி வரை அம்மா கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலை இருந்திருக்கும். ஆனால் வேலை இருந்தபோதெல்லாம் நீ மறந்தவள் அல்ல.

கைபேசியே எல்லாவற்றையும் நினைவூட்டிவிடுகிறது என்று நீ சொல்லுவாய். அது மணி அடிக்கும், நாம் விரலால் தள்ளிவிடுவோம், பிறகு அப்படி ஒன்று இருந்ததற்கே அடையாளம் இருக்காது. கையால் எழுதியதை அடிக்க வேண்டுமென்றாலும் ஒரு முறை படித்துத்தான் அடிக்க வேண்டும். ஆகவே இரவு படுக்கும் முன் மறுநாள் வேலையில் மூன்றை மட்டும் எழுது. மூன்றுக்கு மேல் வேண்டாம். நேரத்தோடு படு.

டைரி தேர்ந்தெடுப்பதில் நான் அவசரப்படவில்லை. கடைகளில் அட்டையின் பளபளப்பைக் காட்டி விற்கிறார்கள். நீ எப்போது வாங்கினாலும் முதுகுப் பக்கத்தைப் பார். வெறும் பசையில் ஒட்டியது ஆடி மாதத்துக்குள் தாள் தாளாகக் கழன்றுவிடும். அச்சிட்ட தாளைப் பதினாறு பக்கக் கட்டுகளாக, அதாவது பாரங்களாக மடித்து, நூலால் தைத்து, அதன் பிறகு அட்டை கட்டியதுதான் நடுவில் விரித்து வைத்தாலும் மேசையில் படிந்து கிடக்கும். நீ மைப் பேனாவில் எழுதுகிறவள் என்பதால் மெல்லிய தாளை ஒதுக்கிவிட்டு, 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள மேப்லித்தோ என்ற எழுதும் தாளில் நானே மையைத் தொட்டு எழுதி, பின்பக்கம் ஊறவில்லை என்று பார்த்த பிறகே எடுத்தேன். அளவு ஏ5, அதாவது 148க்கு 210 மில்லிமீட்டர். உன் கைப்பையில் அடங்கும்.

நாளுக்கு ஒரு பக்கம் என்று தேதி அச்சிட்ட டைரியைத்தான் ஆண்டுதோறும் உனக்குக் கொடுத்து வந்தேன். அவற்றிலும் ஞாயிற்றுக்கிழமைக்கு அரைப் பக்கம்தான் ஒதுக்குகிறார்கள். தாளை மிச்சப்படுத்தும் வழி. இந்த முறை தேதியில்லாத, வாரத்துக்கு இரண்டு பக்கம் உள்ளதை எடுத்திருக்கிறேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆவணியில் நீ விட்டுச் சென்ற இந்த ஆண்டு டைரியை அலமாரி துடைக்கும்போது எடுத்தேன். நான் படிக்கவில்லை, நம்பு. மார்ச் மாதத்துக்குப் பிறகு எல்லாப் பக்கமும் வெறுமையாக இருந்ததை மட்டும் கண்டேன். தேதி போட்ட வெற்றுப் பக்கம் ஒவ்வொன்றும் ஏன் எழுதவில்லை என்று கேட்பது போலிருக்கும். தேதியில்லாததில் ஒரு மாதம் விட்டுவிட்டாலும் எழுத முடிந்த நாளில் அடுத்த பக்கத்தில் தொடங்கிவிடலாம்.

மார்ச்சில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையைப் பற்றியும் கேட்கவில்லை. சென்ற மூன்று முறை பேசியபோதும் உன் குரலுக்குப் பின்னால் வீட்டில் வேறு சத்தமே இல்லை என்று அம்மா சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு. நேரத்தோடு படு.

நீ எதையும் என்னிடம் சொல்ல மாட்டாய் என்பதற்கு நான்தான் காரணம். ஆவணியில் நீ பேச வந்ததைக் கேட்காமல், பரணிலிருந்து 2011ஆம் ஆண்டு டைரியை இறக்கி, கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம், லேப்டாப் 31,500 என்று வரிசையாக வாசித்தேன். நீ பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாய். அன்று உன்னைப் பேருந்து நிலையத்துக்கு ஆட்டோவில் தனியாக அனுப்பியவன் நான். அதற்குப் பிறகு, 1984 முதல் எழுதிய 42 டைரிகளையும் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். நீ பிறந்த நாளில், ஆஸ்பத்திரி 1,200, ஆட்டோ 15, சர்க்கரை 2 கிலோ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அன்று மழை பெய்தது, செவிலியர் உன்னை என் கையில் கொடுத்தபோது சட்டை நனைந்திருந்ததால் வாங்கத் தயங்கினேன். அது எதுவும் அதில் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையும் கணக்கும் வியாபாரமும் பார்த்தவர்தான். 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வந்ததோடு தன் மனக்குறையையும் சேர்த்தே எழுதினார். நான் கணக்கு எழுதுவதை மட்டுமே ஒழுங்கு என்று நினைத்து, அதையே உனக்கும் கற்றுக் கொடுத்து, கடைசியில் அந்தக் கணக்கை உன்னிடமே நீட்டினேன். அந்தப் பணம் எதுவும் கடன் அல்ல. அப்படி ஒருநாளும் நினைத்ததில்லை, ஆனால் வாசித்தேன்.

2011 டைரியை என்ன செய்வது என்று தெரியவில்லை. எரிக்கக் கூடாது, அதில் உன் பெயர் இருக்கிறது என்கிறாள் அம்மா. நீ வரும்போது உன்னிடமே கொடுத்துவிடுகிறேன்.

டைரியைத் திங்கட்கிழமை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். வருடப் பிறப்புக்குள் வந்துவிடும். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, நான்கு மூலையிலும் அம்மா மஞ்சள் தடவியிருக்கிறாள். வேறு எதுவும் நான் எழுதவில்லை. பக்க அடையாள நாடாவை மட்டும், பொங்கல் வரும் மூன்றாம் வாரத்துக்கான பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஜனவரி 15 வியாழக்கிழமை. முன்பதிவு செய்ய வேண்டியிருந்தால் சொல், நான் செய்கிறேன். வர முடியாவிட்டால் நாங்கள் அங்கு வருகிறோம்; அம்மா முறுக்குக்கு மாவு திரித்து வைத்துவிட்டாள். வேண்டாம் என்றாலும் அதை ஒரு வரியில் எழுது.

அன்புடன்,
அப்பா.

நேரத்தோடு படு. ஸ்கூட்டர் இன்சூரன்ஸ் அடுத்து என்று முடிகிறது என்பதை முதல் பக்கத்திலேயே குறித்துக்கொள்.