சம்னர் நீதிமன்றத்துக்குப் பூசி மெழுக வேண்டாம்

டல்லஹாச்சி கவுண்டி மேற்பார்வையாளர்களுக்கும் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையினருக்கும்,

வணக்கம். மிசிசிப்பியில் சில நூறு பேர் மட்டும் வாழும் சம்னரில் நிற்கும் உங்கள் நீதிமன்றத்தைப் பற்றித்தான் இந்த மடல். செங்கல் கட்டடம், கடிகாரக் கோபுரம், சுற்றிலும் புல்வெளி. அந்தப் பக்கம் போனால் இதுபோல எத்தனையோ பார்க்கலாம். இதைக் காப்பாற்ற வேண்டிய காரணம் மாடியில் இருக்கும் விசாரணைக் கூடம்தான்.

சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லைக் கடத்திக் கொன்று, பருத்தி ஜின்னிங் மில்லின் கனத்த விசிறியை முள்கம்பியால் கழுத்தில் கட்டி ஆற்றில் வீசிய வழக்கு, 1955 செப்டம்பரில் அங்கேதான் நடந்தது. உறவுக்காரப் பெரியவர் மோஸ் ரைட் சாட்சி நாற்காலியிலிருந்து எழுந்து, கடத்திப் போனதாகக் குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர் இருவரையும் கை நீட்டிக் காட்டினார். அந்த ஊரில், அந்தக் காலத்தில், கறுப்பினத்தவர் ஒருவர் வெள்ளையரைப் பார்த்து அப்படிக் கை நீட்டுவது என்ன லேசான காரியமா? அப்புறம் அவர் மாநிலத்தை விட்டே போக வேண்டியதாயிற்று. ஜூரி பன்னிரண்டு பேரும் வெள்ளை ஆண்கள். 67 நிமிடத்தில் விடுதலை என்றார்கள். நடுவில் சோடா குடிக்க நிறுத்தாமல் இருந்திருந்தால் அவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று அவர்களில் ஒருவர் பிறகு சொன்னார். விடுதலையான இருவரும் 1956 ஜனவரியில் பணம் வாங்கிக்கொண்டு, நாங்கள்தான் கொன்றோம் என்று ஒரு பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார்கள்.

2007 அக்டோபரில் அதே நீதிமன்ற வாசலில் டில் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். பிற்காலத்தில் மாற்றிக் கட்டியிருந்த கூடத்தையும் 1955இல் இருந்தபடியே மீட்டீர்கள். 2023இல் அது, பூங்காத் துறை பார்த்துக்கொள்ளும் தேசிய நினைவிடத்தின் பகுதியாகவும் ஆனது. பூட்டிவைத்த அருங்காட்சியகமாக்காமல் இன்னும் நீதிமன்றமாகவே நடத்துகிறீர்கள் பாருங்கள், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

சரி, இப்போது ஏன் எழுதுகிறேன்? அமெரிக்கர்களைக் குறைத்துப் பேசுவதாகத் தோன்றும் தகவல் பலகைகளை மறுபரிசீலனை செய்யச் சொல்லி 2025இல் பூங்காக்களுக்கு உத்தரவு வந்ததே, அதனால்தான். 'சோகமான ஒரு வழக்கு இங்கே நடந்தது' என்று மழுப்பி ஒரு வரி எழுதிவிட்டுப் போவது ரொம்பச் சுலபம். அப்படிச் செய்யாதீர்கள். 67 நிமிடமும் இருக்கட்டும், சோடாவும் இருக்கட்டும். பையனின் தாய் மேமி டில்லும், கறுப்பினப் பத்திரிகையாளர்களும், நாடாளுமன்ற உறுப்பினர் சார்லஸ் டிக்ஸும்கூட ஒதுக்குப்புறமாகச் சீட்டாடும் மேசை ஒன்றைச் சுற்றித்தான் உட்கார வைக்கப்பட்டார்கள். கூடத்துக்குள் வருகிறவர்களுக்கு அந்த இடத்தையும் காட்டுங்கள்.

இன்னொன்று, வாசலில் 1913இல் நிறுவிய, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் கூட்டமைப்புக்காகப் போரிட்ட படைவீரர் சிலை. அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தரப்புக்காகப் போரிட்டவர்களை 'நம் வீரர்கள்' என்று சொல்லும் கல்லைத் தாண்டித்தான் மேமி டில் சாட்சி சொல்லப் போனார். எடுப்பதா வைப்பதா என்பதை உங்கள் ஊர்க்காரர்கள் பேசி முடிவு செய்யுங்கள். வைப்பதானால், யார், எப்போது, எதற்காக நிறுவினார்கள் என்பதைப் பக்கத்திலேயே, நடந்து போகிறவர் கண்ணில் படும் உயரத்தில் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
தொலைவிலிருந்து கவனிக்கும் ஒரு தமிழ் வாசகன்