எந்தத் திட்ட விலக்கத்தால் வகுத்தாய்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தேன். நன்றாக வந்திருக்கிறது. அந்த இரண்டாவது அட்டவணைதான் மனதை விட்டுப் போகவில்லை. எல்லா மாறிகளையும் மொத்தமாக இசட் மதிப்பாக்கி (சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால், அதாவது சராசரியைச் சுற்றி மதிப்புகள் சிதறும் அளவால் வகுத்து) மாதிரியை ஓட்டியிருக்கிறாய். கெழு என்பது ஒரு மாறி ஓர் அலகு கூடினால் விளைவு எவ்வளவு மாறும் என்ற எண்தானே. பிறகு மாணவர் நிலைக் கெழுவையும் பள்ளி நிலைக் கெழுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது பெரியது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாய்.

சாதாரண ரிக்ரஷனில் இது சரி. கெழுவை எக்ஸின் (விளக்கும் மாறியின்) திட்ட விலக்கத்தால் பெருக்கி, ஒய்யின் (விளைவு மாறியின்) திட்ட விலக்கத்தால் வகுத்தால் முடிந்தது. நானே எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதிய சூத்திரம். ஆனால் மாணவர்களைப் பள்ளிவாரியாகப் பிரித்துப் பார்க்கும் பல்நிலை மாதிரியில் ஒய்க்கு ஒரே திட்ட விலக்கம் கிடையாதம்மா. பள்ளிக்குள் ஒன்று, பள்ளிகளுக்கு இடையில் ஒன்று, மொத்தத்துக்கு ஒன்று.

எல்லா வகுப்பிலும் பயன்படுத்தும் அந்த அமெரிக்கத் தரவையே எடுத்துக்கொள். 1982, 160 பள்ளிகள், 7185 மாணவர்கள், கணித மதிப்பெண். விளக்கும் மாறி எதுவும் சேர்க்காத வெற்று மாதிரியில் பள்ளிகளுக்கு இடையிலான மாறுபாடு (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 8.61, பள்ளிக்குள் 39.15. வர்க்கமூலம் எடுத்தால் 2.93, 6.26. மொத்தத்துக்கு 6.9. பள்ளியின் சராசரி சமூகப் பொருளாதார நிலைக்குக் கெழு சுமார் 5.86, அந்த மாறியின் திட்ட விலக்கம் 0.41. பெருக்கினால் 2.4. அதை 6.9 ஆல் வகுத்தால் 0.35. 2.93 ஆல் வகுத்தால் 0.82! அதே தரவு, அதே கெழு. ஒன்றைப் பார்ப்பவர் 'சுமாரான தொடர்பு' என்பார், இன்னொன்றைப் பார்ப்பவர் அசந்துபோவார்.

இரண்டுமே தப்பில்லை. பள்ளிகள் ஏன் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன என்பது கேள்வியானால் 0.82. ஒரு மாணவரின் மதிப்பெண்ணில் அது எவ்வளவு என்றால் 0.35. பள்ளிக்குள் மாணவரின் சமூகப் பொருளாதார நிலைக்குக் கெழு 2.19, பள்ளிச் சராசரியைக் கழித்தபின் திட்ட விலக்கம் 0.66, அதனால் 6.26 ஆல் வகுத்து 0.23. இந்த 0.23 ஐயும் அந்த 0.82 ஐயும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. வகுத்த அளவுகோலே வேறு.

அப்புறம், உன் மாதிரியில் சாய்வும் (எக்ஸின் கெழுவும்) பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது. முன்கூட்டியே இசட் ஆக்கினால் எக்ஸின் பூச்சியம் நகரும்; வெட்டுத்துண்டின் (எக்ஸ் பூச்சியமாகும்போது வரும் ஒய்யின்) மாறுபாடும், சாய்வோடு அதற்குள்ள உடன்மாறுபாடும் (இரண்டும் சேர்ந்து மாறும் அளவும்) கூடவே மாறிவிடும். அதனால் மூல அலகிலேயே ஓட்டு, கெழுக்களைக் கடைசியில் மாற்று. எதனால் வகுத்தாய் என்பதை அட்டவணைக்கு அடியிலேயே எழுதிவிடு.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அந்த வெற்று மாதிரியின் முடிவைத் திறந்து வை, சேர்ந்தே கணக்குப் போடலாம். அம்மா பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா