கதவின் அடியில் ஒரு கொப்புளம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம் என்றறிந்து மகிழ்ச்சி. ஓய்வு பெற்ற பின் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். பழைய காரின் டிக்கித் தரையில் துருவைச் சுரண்டுவதில் போகிறது. உன் காரின் கதவுக்கு அடியிலும் பெயிண்ட் கொப்புளித்திருக்கிறது, பட்டறையில் கேட்கும் கூலியோ காரின் விலையையே தொட்டுவிடும் போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். ஆகவே இக்கடிதம் முழுவதும் துருப் புராணம்தான், பொறுத்துக்கொள்.

முதலில், பெயிண்ட் டப்பா வாங்க ஓடாதே. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வது. அப்படி உப்பிப் பெயிண்டைத் தூக்கியதே நீ காணும் கொப்புளம். கதவின் அடிவிளிம்பில் அது தெரிந்தால், பெரும்பாலும் உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது என்று கொள். கண்ணாடியின் ஓரமாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வடிவதற்கென்றே அடியில் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். தூசியும் இலைச் சருகும் அவற்றை அடைத்துவிட்டால், நீர் உள்ளேயே தேங்கித் தகட்டை அரிக்கத் தொடங்கும். ஒரு கம்பியால் அந்தத் துளைகளைக் குத்தித் திறந்துவிடு. சல்லிக்காசு செலவில்லாத இந்த வேலையைச் செய்யாமல் எவ்வளவு உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும், கொப்புளம் மறுபடியும் கிளம்பும்.

அடுத்து, ஸ்க்ரூடிரைவரின் முனையால் துருப்பிடித்த இடங்களை அழுத்திக் குத்திப் பார். முனை உள்ளே இறங்காமல் கெட்டியாக நின்றால் அது மேல்துரு, வீட்டிலேயே சரிசெய்யலாம். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் அடிச்சட்டம், சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், சீட் பெல்ட் மாட்டியிருக்கும் இடம் ஆகியவற்றில் முனை இறங்கினால், வேலையை நிறுத்திவிட்டு வெல்டிங் தெரிந்தவரிடம் கொண்டுபோ. அங்கே பட்டி பூசி மறைப்பது சிக்கனமாகாது. மோதலின்போது உயிரைக் காக்க வேண்டிய இடங்கள் அவை.

மேல்துருவுக்கு வருகிறேன். கம்பிப் பிரஷ்ஷால் உதிர்வதையெல்லாம் உதிர்த்துவிட்டு, 80 எண் எமரித்தாளில் தொடங்கி, 180, 320 என்று நுணுக்கிக்கொண்டே போ. துரு தெரியும் இடத்தோடு நிறுத்தாமல், சுற்றிலும் நல்ல பெயிண்டுக்குள்ளும் கொஞ்சம் போய்ச் சரித்து இழைக்க வேண்டும். நடுவில் பளிச்சென்ற தகடு, அதைச் சுற்றி நிறத்துக்கு அடியில் அடிக்கும் முதல் பூச்சான பிரைமர், அதற்கு வெளியே நிறம் என்று வளையங்கள் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார். எங்கும் படி தட்டக்கூடாது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது இந்தக் கட்டம்தான். எவ்வளவு இழைத்தாலும் குழிகளுக்குள் கரும்புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்த துருமாற்றி அதற்குத்தான்; மிச்சத் துருவோடு வினைபுரிந்து கெட்டியான படலமாக மாற்றும். சுரண்டச் சோம்பல்பட்டுக் கனத்த துருவின் மேலேயே அதைத் தடவினால் மேல்தோல் மட்டும் மாறும். அடியில் அரிப்பு தொடரும்.

பிறகு தின்னரால் துடைத்துவிட்டு எபாக்சி பிரைமர் அடி. சாதாரணப் பிரைமர் நுண்துளைகள் உள்ளது, ஈரத்தை உறிஞ்சும். அதை மட்டும் அடித்துவிட்டு வண்டியை மழையில் நிறுத்தாதே. பட்டியும் அப்படித்தான். பள்ளம் இருந்தால் மட்டும் மெல்லிதாக இழுத்து, காய்ந்தபின் நீர் தொடாமல் உலர்வாகவே தேய்.

நிறத்தைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்காதே. கதவுத் தூணிலோ பானட்டுக்குள்ளோ ஒட்டியுள்ள தகட்டில் பெயிண்ட் குறியீடு இருக்கும். அதன்படி கலந்தாலும், வெயிலில் வெளுத்த பழைய நிறத்தோடு நூற்றுக்கு நூறு பொருந்தாது; கதவின் மடிப்புக் கோட்டோடு நிறுத்தினால் வேறுபாடு அவ்வளவாகக் கண்ணில் உறுத்தாது. ஸ்பிரே டப்பாவை 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, கை நகரத் தொடங்கியபின் அழுத்தி, விளிம்பைக் கடந்தபின் விடு. மெல்லிய பூச்சுகளாக, இடையிடையே காயவிட்டு அடி. ஒரேயடியாக மூடப் பார்த்தால் வழிந்துவிடும். ஈரக்காற்று மிகுந்த நாளில் நிறத்தின் மேலே அடிக்கும் கிளியர் என்ற நிறமற்ற பூச்சு பால்போல் மங்கிப்போகும் என்பதால் உலர்ந்த நாளாகப் பார்த்துக்கொள். காம்பவுண்ட் என்ற மெருகுப் பசையைப் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவதைச் சில வாரங்களுக்குத் தள்ளிவை.

முகத்தில் சாதாரணத் துணி மட்டும் போதாது. இரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி வாங்கு, கதவு சன்னல்களைத் திறந்து வை. ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உள்ள ஹார்டனரை, அதாவது பெயிண்டை இறுகவைக்கும் திரவத்தை, கலக்கும் இரட்டைக்கலவைப் பெயிண்டை வீட்டில் தொடவே தொடாதே. அந்த ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. காற்றுக்குழாய் மாட்டிய முகமூடியோடு பட்டறையில் செய்ய வேண்டிய வேலை அது. எல்லாம் காய்ந்ததும், நீளக்குழாய் வைத்த டப்பாவால் கதவின் உட்புறத்தில் மெழுகு பீச்சிவிடு. அதற்குப்பின் வடிதுளைகள் திறந்திருக்கின்றனவா என்று மறுபடியும் பார்.

உன் கார் வெள்ளையா, மெட்டாலிக் நிறமா என்று நீ எழுதவில்லை. மெட்டாலிக் என்றால் ஒட்டுப்போட்டது தெரியாமல் செய்வது கடினம், முழுக் கதவையும் அடிக்க நேரலாம். அடிச்சட்டத்தைக் குத்திப் பார்த்துவிட்டு, நிறத்தையும் குறிப்பிட்டுப் பதில் எழுது. அதுவரை எதையும் வாங்காதே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்