நாட்டைக் கண்டுபிடி: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

நண்பர்கள் கூடும் அன்று நாட்டைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு நடத்தப்போகிறாய், அதற்கு க்ளூ வேண்டும் என்று கேட்டிருந்தாயே, படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இது எனக்கு எவ்வளவு பிடித்த விஷயம் என்று உனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள் அம்மா.

நீ அனுப்பிய மாதிரிக் கேள்வியில் தலைநகர், நாணயம், மக்கள்தொகை மூன்றும் இருந்தன. தலைநகரைச் சொன்ன மறுநொடியே ஆட்டம் முடிந்துவிடும். தெரிந்தவன் சொல்லிவிடுவான், தெரியாதவன் சும்மா உட்கார்ந்திருப்பான். யோசிக்க அதில் என்ன இருக்கிறது? முதல் க்ளூ பல நாடுகளைக் கழித்துக்கட்ட வேண்டும், ஆனால் விடையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது.

ஒன்று சொல்கிறேன், பார். "இங்கிருந்து கடலுக்குப் போக, எந்தப் பக்கம் போனாலும் குறைந்தது இரண்டு எல்லைகளைத் தாண்ட வேண்டும்." கடற்கரை இல்லாத நாடுகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. ஆனால் அவற்றைச் சுற்றியுள்ள எந்த நாட்டுக்குமே கடல் இல்லை என்ற நிபந்தனையில் இரண்டுதான் தேறும்: லிச்சென்ஸ்டைன், உஸ்பெகிஸ்தான். வரைபடத்தை மனதுக்குள் விரித்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருவார்கள் பார், அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைக் கவனி. அடுத்த க்ளூ இதுதான்: "1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தன் கொடியும் ஹைட்டியின் கொடியும் ஒன்றாக இருப்பது தெரியவந்து, மறு வருடமே கொடியில் ஒரு கிரீடத்தைச் சேர்த்துக்கொண்ட நாடு." 1936-இல் உஸ்பெகிஸ்தான் சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்தது, தனிக் கொடியோடு ஒலிம்பிக்குக்கு வந்திருக்க முடியாது. ஹைட்டி கதையைக் கேள்விப்படாதவர்கூட யோசித்தே லிச்சென்ஸ்டைனைப் பிடித்துவிடலாம். இப்படி ஒரு க்ளூ அமைந்தால் எனக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருக்கும்.

ஒருவர் நிச்சயம் சண்டைக்கு வருவார். "உஸ்பெகிஸ்தானுக்குப் பக்கத்தில் கஜகஸ்தான் இருக்கிறதே, அதற்குக் காஸ்பியன் கடல் இருக்கிறதே" என்பார். காஸ்பியன், பெருங்கடலோடு சேராத உள்நாட்டு நீர்நிலை என்பதால் இந்தக் கணக்கில் அதை ஏரியாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே இதைச் சொல்லிவிடு.

பொறி வைப்பதும் அழகுதான், ஆனால் ஏமாற்று வேலையாக இருக்கக் கூடாது. "பெயரில் பூமத்திய ரேகை உண்டு, ஆனால் அந்த ரேகை இதன் நிலத்தைத் தொடுவதில்லை." ஈக்வடார் என்று பாதிப் பேர் கத்துவார்கள். அங்கே ரேகை நிலத்தின் மேலேயே போகிறது. ஈக்வடோரியல் கினிக்கோ ஒரு தீவு ரேகைக்குத் தெற்கே இருக்கிறது, மற்ற நிலமெல்லாம் வடக்கே. நடுவில் கடல் வழியாக ரேகை போய்விடுகிறது. தவறாகச் சொன்னவர்களும் விடையைக் கேட்டதும் "அட, ஆமாம்!" என்பார்கள்.

"அதிக மக்கள்தொகை", "புதிய தலைநகர்" மாதிரியான க்ளூக்களை மட்டும் ஆட்டத்தன்று காலையில் ஒருமுறை சரிபார்த்துவிடு. 2023-இல் இந்தியா சீனாவை முந்திவிட்டது. 2018-இல் சுவாசிலாந்து எஸ்வாட்டினி ஆனது. கஜகஸ்தான் தலைநகர் 2019-இல் நூர்-சுல்தான் ஆகி, 2022-இல் மறுபடியும் அஸ்தானா ஆகிவிட்டது. பழைய புத்தகத்தை நம்பிக் கேட்டால், சரியான விடை சொன்னவரையே தப்பு என்று சொல்லிவிடுவோம். அது பாவம்.

போனைப் பார்க்காமல் நீ கண்டுபிடிக்க இதோ ஒன்று. இந்த நாட்டைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரே ஒரு நாடுதான். இதன் நிலத்தில் மிகத் தாழ்வான இடம்கூடக் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல்தான் இருக்கிறது. 1966-இல் விடுதலை பெற்றது. முதல் க்ளூவிலேயே மூன்று நாடுகள்தான் மிஞ்சும், அவற்றில் இரண்டு ஒரே நாட்டுக்குள் இருக்கின்றன. விடையோடு, எப்படிக் கழித்துக்கொண்டே வந்தாய் என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா