மாதிரித் தேர்தலில் வாக்குச்சீட்டும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேசிய வாக்காளர் தினத்தையொட்டிப் பள்ளிகளில் நடந்த மாதிரித் தேர்தல்கள் பற்றிய செய்தியைப் படித்தேன். பிள்ளைகள் வரிசையில் நின்று, பட்டனை அழுத்தி, மை வைத்த விரலைக் காட்டிச் சிரிக்கும் படம் மனதுக்கு நிறைவாக இருந்தது. பல தேர்தல்களில் பணியாற்றிய ஆசிரியர் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஊரக உள்ளாட்சித் தேர்தலில் பட்டன் கிடையாது, சீட்டுதான். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நான்கிலும் முத்திரை குத்தி, மை அடுத்த சின்னத்தில் ஒட்டாமல் மடித்துப் பெட்டியில் போட வேண்டும். 2020 ஜனவரி 2 அன்று வாக்கு எண்ணும் மேசையில் இருந்தேன். ஓர் இளஞ்சிவப்புச் சீட்டில் முத்திரை கச்சிதமாக விழுந்திருந்தது. அதன் கீழே நிறுத்தி நிதானமாக ஒரு கையெழுத்து! வாக்களித்தவர் யாரென்று காட்டும் எழுத்து எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. செல்லாது என்று எடுத்து வைத்தோம். படித்த பிள்ளையின் கையெழுத்து அது. நாங்கள்தானே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று அன்று முழுக்க உறுத்தியது.

அதனால் ஓய்வு பெறுவதற்கு முன் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு வண்ணத் தாளில் சீட்டு அடித்துத் தேர்தல் நடத்தினேன். எண்ணியதும் அவர்களே. பச்சைச் சீட்டில் செல்லாதவை ஏழு. வென்றவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் நான்கு. வகுப்பில் சத்தமே இல்லை. அந்த ஏழு சீட்டையும் ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள்.

இன்னொன்றும் செய்தோம். ஒரு வாரம் முன்பே வாக்காளர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். வேண்டுமென்றே மூன்று பெயர்களை விட்டிருந்தேன். யாரும் போய்ப் பார்க்கவில்லை. தேர்தலன்று ஒரு மாணவி கண் கலங்கிவிட்டாள். "சார், நான் இதே வகுப்புதானே, என்னைத் தெரியாதா?" என்றாள். "தெரியும்மா, பட்டியலில் பேர் இல்லையே" என்றேன். சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று மாலையே அந்த வகுப்பில் பலர், வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 பற்றி விசாரித்தார்கள். 17 வயது நிரம்பினாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்பதும், 18 நிரம்புவதைக் கணக்கிட ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் என ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு என்பதும் அவர்களுக்குப் புதிய செய்தி.

அடுத்த ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்பாவது, மாநிலத் தேர்தல் ஆணையம் மாதிரிச் சீட்டுகளையும் முத்திரைக் கட்டைகளையும் ஊராட்சிப் பகுதி மேல்நிலைப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வழங்க வேண்டும். ஒரு நாள் பிற்பகல் போதும். எண்ணும் வேலையையும் மாணவர்களிடமே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்