பச்சை வண்டி பாகாயத்தோடு நிற்காது என்றால் அதற்குப் பச்சை பெயிண்ட் எதற்கு?

அனுப்புநர்:
வரவேற்பு மேலாளர்,
தங்கும் விடுதி, பாபுராவ் தெரு,
வேலூர்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
டவுன் பஸ் நிறுவனம்,
வேலூர்.

பொருள்: பாகாயம் என்று பெயிண்ட் அடித்த வண்டிகளை வேறு தடங்களில் ஓட்டுவதும், அதைக் கேட்கப் போனவரைப் பழைய பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீசில் அவமானப்படுத்தியதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த விஷயத்தை உங்கள் ஆட்களிடம் நேரில் சொன்னேன், போனில் சொன்னேன், அவர்கள் நீட்டிய ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்த நோட்டு இப்போது எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் உங்களுக்கே நேரடியாக எழுதுகிறேன். தயவுசெய்து இதையாவது கடைசி வரை படியுங்கள்.

உங்கள் வண்டிகளைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பச்சை என்றால் காட்பாடி – பாகாயம். மஞ்சள் என்றால் பொற்கோயில் இருக்கும் ஸ்ரீபுரம். நீலம் என்றால் அடுக்கம்பாறை. முடிவு செய்தது நீங்கள்தான். ஜன்னலுக்குக் கீழே இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் எழுத்து, மஞ்சள் வண்டியின் முதுகில் பொற்கோயில் படம், பச்சை வண்டியில் அந்த மயில். ஊரே நின்று பார்த்தது. உண்மையைச் சொன்னால், அந்த வண்டிகள் வந்தபோது என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் இந்தத் தெருவில் இருந்திருக்க மாட்டார்.

ஏன் என்று சொல்கிறேன். சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் தங்குபவர்கள் யார் என்று வேலூரில் தொழில் செய்யும் உங்களுக்குத் தெரியும். மேற்கு வங்காளம், அசாம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ். காந்தி ரோட்டில் கடை போர்டே வங்காள எழுத்தில் இருக்கிறது, மெஸ்ஸில் கடுகு எண்ணெயில் மீன் வறுக்கிறார்கள். இவர்களால் உங்கள் முன் கண்ணாடியில் இருக்கும் தமிழ் போர்டைப் படிக்க முடியாது. படிக்கத் தெரிந்த நமக்கே அது சிரமம்தான், ஒரு சாண் தகரத்தில் எப்போதோ எழுதியது. ஆனால் நிறம் எல்லாருக்கும் தெரியும் அல்லவா? "பச்சை பஸ்ஸில் ஏறுங்கள், கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கும்போது நீங்களும் இறங்குங்கள், அதுதான் பாகாயம்." இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. இதையே வங்காளத்தில் எழுதி, மூன்று நிறத்தையும் போட்டு, எங்கள் செலவில் அட்டை அச்சடித்து ஒவ்வொரு ரூமிலும் வைத்தோம். உங்கள் கம்பெனிக்கு நாங்கள் இலவசமாகச் செய்த விளம்பரம் அது. இப்போது அந்த அட்டைகள் கட்டுக்கட்டாக என் மேஜைக்கு அடியில் கிடக்கின்றன. அந்த நஷ்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சென்ற மாதம் மேற்கு வங்காளத்தின் மால்டாவிலிருந்து வந்த ஒரு பெரியவர். அவர் மகனுக்கு முதுகுத்தண்டில் அடி. பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மறுவாழ்வு மையத்தில் சேர்த்திருக்கிறார்கள். காலையில் டாக்டர் குடும்பத்தோடு பேச வரச் சொல்லியிருந்தார். பெரியவர் பழைய பஸ் ஸ்டாண்டில் பச்சை வண்டியில் ஏறினார். நான் சொல்லித்தான் ஏறினார். கண்டக்டரிடம் "மெடிக்கல் காலேஜ்" என்றார். கண்டக்டரும் மெடிக்கல் காலேஜுக்கே டிக்கெட் கொடுத்தார்.

எந்த மெடிக்கல் காலேஜ்? அதுதான் கதை. பாகாயத்தில் இருப்பது சி.எம்.சி. காலேஜ். அதே ரோட்டில் இன்னும் தள்ளிப் போனால் அடுக்கம்பாறையில் இருப்பது அரசு மருத்துவக் கல்லூரி. அன்றைக்கு அந்தப் பச்சை வண்டி ஓடியது அடுக்கம்பாறை தடத்தில். பாகாயம் வந்தபோது வண்டி நின்றது, சிலர் இறங்கினார்கள், பலர் உட்கார்ந்தே இருந்தார்கள். எல்லாரும் இறங்கினால்தான் பாகாயம் என்று நான் சொல்லியிருக்கிறேனே, அவர் எப்படி இறங்குவார்? மகன் படுத்திருக்கும் இடத்தைத் தாண்டி உங்கள் வண்டி அவரைக் கொண்டுபோய் வேறொரு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டது. அங்கே பாஷை தெரியாமல் வார்டு வார்டாக மகன் பெயரைச் சொல்லித் தேடியிருக்கிறார். கடைசியில் ஆட்டோ பிடித்து பாகாயம் வந்து சேர்ந்தபோது டாக்டர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். மறுபடி பேச அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்தது.

இதைச் சொல்லத்தான் உங்கள் டைம் ஆபீசுக்குப் போனேன். அங்கே கால்மேல் கால் போட்டுப் பல் குத்திக்கொண்டிருந்த அந்த மனிதரைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வேண்டும். நான் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். "சார், பச்சை வண்டி அடுக்கம்பாறை போகுதே" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உனக்கு பஸ் வேணுமா, கலர் வேணுமா?" என்றார்.

ஐயா, எனக்கு ஐம்பத்தெட்டு வயது.

சரி, பெரியவரின் கதையைச் சொன்னால் இரங்குவார் என்று நினைத்து முழுவதும் சொன்னேன். "கலர் பாத்து ஏறணும்னா உங்க ஹிந்திக்காரங்கள ஹோலிக்கு ஏறச் சொல்லு" என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு டிரைவர்கள் சிரித்தார்கள். பெரியவர் ஹிந்திக்காரர் இல்லை, வங்காளி. ஆனால் அதையெல்லாம் சொல்லி என்ன ஆகப்போகிறது. "அவருக்கு ஒரு வாரம் கூடுதலாக லாட்ஜ் செலவு" என்றேன். அதற்கு, "அப்போ உனக்கு லாபம்தானே, எங்களுக்கு கமிஷன் குடு" என்றார். அந்த ஒரு வார வாடகையை நாங்கள் வாங்கவில்லை. இதை அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

அப்புறம் வண்டியின் பின்னால் எழுதியிருக்கும் புகார் நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மரியாதையாகவே பேசினார், அதை மறைக்க மாட்டேன். எந்த ரூட் என்று கேட்டார். அடுக்கம்பாறை என்றேன். வண்டி நிறம்? பச்சை. "பச்சை வண்டி அடுக்கம்பாறை ரூட்ல ஓடாதே சார்." நானும் அதைத்தானே அம்மா சொல்கிறேன் என்றேன். இல்லை, ஓடாத வண்டிக்குப் புகார் பதிய முடியாது என்றார். பாகாயம் ரூட்டைப் பார்ப்பவருக்கு மாற்றினார். அவர், சம்பவம் நடந்தது அடுக்கம்பாறை தடத்தில், அங்கே கேளுங்கள் என்றார். அடுக்கம்பாறைக்காரர், வண்டி பாகாயத்துடையது, எங்கள் கணக்கில் வராது என்றார். ஒரு வண்டி தன்னுடையது அல்லாத தடத்தில் ஓடினால் உங்கள் கம்பெனியில் அதற்குச் சொந்தக்காரரே கிடையாது. காசு வாங்கும்போது மட்டும் எப்படி ஒரு கண்டக்டர் வந்துவிடுகிறார்?

இதற்கு மேல்தான் கொணவட்டம் கதை. அங்கே இருக்கும் உங்கள் பஸ் ஷெட்டுக்கு வந்து போட்டோவோடு மேனேஜரைப் பாருங்கள் என்றார்கள். லீவு போட்டுவிட்டுப் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டில் கொணவட்டத்துக்கு ஏறிய உங்கள் வண்டியின் முதுகிலே பொற்கோயில்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. போய்ச் சேர்ந்தால் மேனேஜர் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வேலையாகப் போயிருக்கிறார், வந்துவிடுவார். வந்தபின் சாப்பிடுகிறார். சாப்பிட்டபின் போனில் இருக்கிறார். வெயிலில் அந்த டயர் குவியல் பக்கத்தில் நின்றிருந்தேன். கடைசியில் வெளியே வந்து, டிக்கெட் ஒரிஜினல் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். உங்கள் மெஷினில் வரும் டிக்கெட்டின் லட்சணம் உங்களுக்குத் தெரியாதா? சூடு பட்டால் எழுத்து மங்கும் காகிதம். வேலூர் வெயிலில் சட்டைப் பையில் வைத்திருந்தால் வெள்ளைக் காகிதம்தான் மிஞ்சும். "இதுல ஒண்ணுமே இல்லையே" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு நாள் சம்பளம் போனது, ஒரு வாய் தண்ணீர் தர ஆளில்லை. ஆனால் அவர்கூட என்னை "உனக்கு பஸ் வேணுமா, கலர் வேணுமா" என்று கேட்கவில்லை.

நான் நியாயம் தெரியாதவன் இல்லை. வண்டி பிரேக் டவுன் ஆகும், எஃப்.சி.க்கு நிற்கும், அப்போது கையில் இருப்பதைத்தான் ஓட்ட முடியும். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிக்கும் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை ரோட்டுக்கும் கூட்டம் சாய்ந்தால் எந்த நிற வண்டி எங்கே போனாலும் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பச்சை வண்டி அடுக்கம்பாறைக்கும், ஒரு நீல வண்டி காட்பாடிக்கும், மஞ்சள் வண்டி கொணவட்டத்துக்கும் ஓடுவதற்கு என்ன அவசரம்? ஸ்பேர் வண்டி என்கிறார்கள். ஸ்பேர் வண்டிக்கு எதற்கு மயில்? அதை வெறும் வெள்ளையில் வைத்திருந்தால் யாரும் ஏமாற மாட்டார்களே. ஆம்பூர் பிரியாணி என்று போர்டு மாட்டிய கடையில் இலை போட்டு உட்காரவைத்து எலுமிச்சை சாதம் வைத்தால், இலையில் சாதம் வந்ததே என்று திருப்திப்பட முடியுமா?

சட்டமும் கொஞ்சம் பார்த்துவிட்டேன், எங்கள் லாட்ஜில் வாடிக்கையாக இறங்கும் வக்கீல் ஒருவர் உதவினார். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 83-வது பிரிவுப்படி, ஒரு பர்மிட்டில் உள்ள வண்டிக்குப் பதில் வேறு வண்டியைப் போட வேண்டுமானால் பர்மிட் கொடுத்த அதிகாரியின் அனுமதி வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வாங்கினீர்களா? பர்மிட் நிபந்தனையை மீறினால் 86-வது பிரிவில் பர்மிட்டை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ முடியும். அதைவிட, வண்டி முழுக்க "பாகாயம்" என்று எழுதிவிட்டு அடுக்கம்பாறைக்கு ஓட்டுவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குள் வரும் என்கிறார். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணமே கிடையாதாம். உங்கள் டவுன் பஸ் டிக்கெட் அவ்வளவு ஆகாது என்று நம்புகிறேன்.

மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. உங்கள் நிறுவனம் நன்றாக ஓட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்; உங்கள் வண்டி இல்லாவிட்டால் எங்கள் கெஸ்ட்டுகள் ஆட்டோவுக்குக் கொட்டி அழ வேண்டும். ஆனால் நான் பட்ட நஷ்டத்தையும் பாருங்கள். அட்டை அச்சடித்த செலவு, ஒரு வார வாடகை, என் லீவு, எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் லாட்ஜின் பெயர். வங்காளத்தில் ஒருவர் சொல்லித்தான் அடுத்தவர் வருகிறார். அந்தப் பெரியவர் ஊருக்குப் போய் "வேலூரில் ரிசப்ஷன்காரன் சொன்னதை நம்பி ஏறாதே" என்று ஒரு வார்த்தை சொன்னால் மால்டா பக்கத்திலிருந்து இனி யார் எங்களிடம் வருவார்கள்? வருடக் கணக்கில் பார்த்தால் பத்து லட்சத்துக்குக் குறையாது. இதற்கு உங்கள் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பச்சையைப் பாகாயத்துக்கே ஓட்டுங்கள். மாற்றி ஓட்டியே ஆக வேண்டிய நாளில் பக்கவாட்டு எழுத்தின் மேல் ஒரு துணி பேனரையாவது கட்டுங்கள், கதவுக்குப் பக்கத்தில் ஊர் பெயரை ஆங்கிலத்திலும் முடிந்தால் வங்காளத்திலும் எழுதி மாட்டுங்கள். "மெடிக்கல் காலேஜ்" என்று கேட்டால் சி.எம்.சி.யா, அரசு ஆஸ்பத்திரியா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டிக்கெட் கிழிக்கக் கண்டக்டர்களுக்குச் சொல்லுங்கள். இதற்குப் பைசா செலவில்லை. பெரியவரின் ஆட்டோ கூலியை அவர் ஊர் திரும்புவதற்குள் கொடுத்துவிடுங்கள். அச்சடித்த அட்டைகளின் பில் நகலை இணைத்திருக்கிறேன், மங்கிப்போன டிக்கெட்டையும் இணைத்திருக்கிறேன், வெறும் காகிதம் என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம். மூன்று நிற வண்டிகளும் தவறான தடத்தில் நிற்கும் போட்டோக்கள், முன் போர்டும் நம்பர் பிளேட்டும் தெரியும்படி, தனி உறையில் உள்ளன.

பதினைந்து நாளுக்குள் எழுத்துமூலமான பதில் வராவிட்டால், அதற்கு அடுத்து வரும் திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வுக் கூட்டத்தில் இதே கடிதத்தைக் கொடுப்பேன். ஒரு நகல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் போகும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்வேன். அதற்கு அவசியம் வராது என்றே நம்புகிறேன்.

மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். டைம் ஆபீசில் பல் குத்திக்கொண்டிருந்தவர் எங்கள் லாட்ஜுக்கு வந்து அந்தப் பெரியவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். நடந்து வரட்டும், பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து தூரம் இல்லை. பஸ்ஸில்தான் வருவேன் என்றால், எந்த நிற வண்டி எங்கள் பக்கம் வருகிறது என்று அவரே கண்டுபிடித்து வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வரவேற்பு மேலாளர்